ஏழாம் உறை

பள்ளத்தூர். இரண்டாங்கட்டு, மேற்குச் சுவர்.
தொட்டால் விரலில் மாவு.
முட்டை, கடுக்காய் சேர்த்து
முகம் தெரிய இழைத்த பூச்சுதான்;
ஓர் ஓடு நகர்ந்த வழியே
நாலு ஐப்பசி உள்ளே இறங்கியிருக்கிறது.

என் பெட்டியில் ஒரு லிட்டர், பால் நிறம்:
ஆல்கஹாலில் மிதக்கும் நானோ சுண்ணாம்பு.
ஒரு மயிரிழையின் குறுக்கே
ஐந்நூறு துகள் வரிசையில் நிற்கும்.
கொத்தனாரின் கரண்டி போகாத சந்தில்
இது போகும். போய்,
காற்றில் உள்ள கரியைக் குடித்துக்
கல்லாகும்.

முதலில் அளவு.
ஒட்டுநாடாவை அழுத்தி, தொண்ணூறு நொடி,
ஒரே இழுப்பு.
சுவர் எவ்வளவு உதிர்கிறதென்று தராசு சொல்லும்.
பத்துக் கட்டம், பத்துக் கறுப்பட்டை, பத்து உறை.

ஏழாவதில் பென்சில் எழுத்து இருந்தது.
பார்க்கவில்லை என்று சொல்லமாட்டேன்.
ஏதோ கூலிக் கணக்கு என்று நினைத்தேன்.

மதியம் பங்காளிகள் வந்தார்கள்.
"சா.வயி. பாகம்" என்று சுவரிலிருந்து படித்தார் வயிரவன்.
"போதும். மருந்தடிங்க, நிக்கட்டும்."
நாச்சம்மை கிட்டப் போய்ப் பார்த்தார்.
"இதுக்குப் பின்னாடி 'இதுவரை'ன்னு இருந்துச்சு."
"எங்கே? காட்டு."
கோலாலம்பூரிலிருந்து கைபேசியில் ஒருவர்,
"நானோன்னா காருதானே?" என்றார்.

நான் ஈரச் சாக்குகளைத் தொங்கவிட்டேன்.
தூரிகையை நனைத்தேன். வெள்ளை பூக்காமல்
மெல்ல மெல்ல, ஏழு தடவை.
மூன்று நாள் அந்தச் சுவர் முன்னால்தான் சண்டை:
ரங்கூன் பணம், அறுபத்தொன்றாம் வருஷப் பத்திரம்,
யார் வீட்டு வெள்ளிக்குடம்.
தள்ளி நின்று பேசுங்கள் என்று நான் சொல்லவில்லை.
சுண்ணாம்புக்கு மூச்சு வேண்டும்.
அவர்கள் கத்தியதெல்லாம்
உள்ளே போய்க்கொண்டிருந்தது.

இருபத்தெட்டாம் நாள் மறுபடி நாடா.
ஏழாம் கட்டத்தில் ஒன்றும் ஒட்டி வரவில்லை.
சா.வயி. பாகம்
இனி நகத்துக்கும் அசையாது.
நல்ல முடிவு. கட்டுரைக்கு ஆகும்.

காரைக்குடி ஆய்வகம், இரவு எட்டரை.
பழைய ஏழாம் உறையைப் பிரித்தேன்.
நாற்பத்தொரு மில்லிகிராம்.
கறுப்பட்டைமேல் வெள்ளைத் தூசு,
தூசின்மேல் பென்சில்,
வளைத்துப் போட்ட 'இ'யிலிருந்து 'ரை' வரை
எழுத்து குலையாமல்.

தராசின் கதவைச் சாத்தினேன்;
என் மூச்சுக்கே எண் ஆடுகிறது.
படிவத்தில் எடை எழுதியாயிற்று.
பக்கத்துப் பத்தி: குறிப்பு.
அது இவ்வளவு அகலமாக இருந்ததை
இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததில்லை.
நாச்சம்மையின் எண்
சாக்கு வாங்கிய ரசீதின் பின்னால் இருக்கிறது.