பிரித்துத் தைத்த இடம்

தோரித்தாமாவில் ஆறு நீலமாக ஓடும்.
சாயப்பட்டறை என்ன நிறம் துப்புகிறதோ அன்றைக்கு அந்த நிறம்.
நான் அங்கே ஜீன்ஸ் தைக்கிறேன்,
உருப்படிக்கு இத்தனை சென்டாவோ என்று,
கவட்டைத் தையல் மட்டும்.
எனக்கு யாரும் தையல் பற்றிப் பாடம் எடுக்க வேண்டாம்.

டாக்டர் தர்சீசியோ எடுத்தார்.
"ஜொசில்டா, ஒரே இடத்தில் இரண்டு முறை பிரித்துத் தைத்த துணி
மூன்றாம் முறை இழுத்தால் தாங்குமா? உனக்கே தெரியும்."
தெரியும்.
துணியைப் பொறுத்தது என்பதும் தெரியும்,
யார் தைத்தது, எப்படித் தைத்தது,
எந்தப் பக்கமாக இழுக்கிறோம் என்பதும்.
சொல்லவில்லை.
அவர் நாட்காட்டியைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

மூத்தவன் ஒரு வியாழக்கிழமை, காலை ஒன்பது.
கார்னிவலுக்கு முன்னால் முடித்துவிடலாம் என்றார்கள்.
அடுத்தவள் செவ்வாய்.
இரண்டு முறையும் பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம்
யாரோ கால்பந்து பேசிக்கொண்டிருந்தார்கள்.
வலி எந்தத் திசையிலிருந்து வரும் என்றே தெரியாமல்
இரண்டு பிள்ளைக்கு அம்மா.
பிறகு வாரக்கணக்கில்
தும்மினால் தலையணை,
சிரித்தால் இரண்டு கையாலும் வயிறு.
கில்வன் ஒரு ஜோக் சொல்ல வாயெடுத்தாலே
வேண்டாம் என்று கெஞ்சினேன்.

மூன்றாவதுக்கு நாள் குறிக்க விடவில்லை.
ரெசிஃபேயில் ஓர் ஆஸ்பத்திரியில் முயன்று பார்க்கிறார்களாம்,
துணி வெட்டும் லூசிவானியா காதில் சொன்னாள்,
மெஷின் சத்தத்தில் காதில் சொல்ல
கத்தத்தான் வேண்டும்; பட்டறை முழுக்கத் தெரிந்துவிட்டது.
பஸ் ஏறிப் போனேன்.
எங்கள் ஆறும் அங்கேதான் போய்ச் சேர்கிறது,
வேறு வழியாக.

அந்த டாக்டரம்மா எதையும் மறைக்கவில்லை.
பிரியலாம் என்றாள். அரிது, ஆனால் பிரியலாம்.
பிரிந்தால் நிமிடக் கணக்கு.
அறுவை அறை பக்கத்துக் கதவு.
கையெழுத்துப் போட்டேன்.
திரும்பும்போது பஸ்ஸில் கை நடுங்கியது.
அதையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் என்னை
தைரியசாலி என்று சொல்லிவிடக் கூடாது.

கடைசிப் பத்து நாள் கில்வனின் அக்கா வீட்டு சோபாவில்.
முப்பத்தொன்பதாம் வாரம் போனது.
நாற்பது போனது.
இன்னுமா, இன்னுமா என்று போன் அடித்தது.

சான் ஜொவான் இரவில்
வாசலுக்கு வாசல் நெருப்பு மூட்டியிருந்தார்கள்,
சோளம் கருகும் வாசம், எங்கோ அக்கார்டியன்.
அப்போது வந்தது,
யாரும் எழுதிவைக்காத நேரத்தில்,
வெகுநாள் மூடிக் கிடந்த மெஷின்
பெல்ட் பிடித்துக்கொண்டு
ஒரு இழு,
நின்று, மறுபடி ஒரு இழு.

பதினான்கு மணி நேரம்.
ஒவ்வொரு வலிக்கும் நான் காது கொடுத்தது
பிள்ளைக்கு அல்ல, அந்தப் பழைய தையலுக்கு.
நூல் முனகுகிறதா?
ஒரு இழை தெறிக்கிறதா?
போதும், வெட்டுங்கள் என்றேன்.
என் முதுகை அழுத்திக்கொண்டிருந்த தாதி ஜுரேமா
கையை எடுக்காமலே சொன்னாள்:
"வெட்டலாம். கதவு அங்கேதான் இருக்கிறது.
இந்த வலி அடங்கட்டும். அப்புறமும் கேட்டால் போகலாம்."
வலி அடங்கியது.
நான் கேட்க மறந்துபோனேன்.

தலை வந்தது. பிறகு ஒரு தோள்,
நீலம் பாய்ந்து, எங்கள் ஆற்றின் நிறத்தில்.
ஒரு நொடி செத்துப்போனேன்.
அழுதான்.
அழ அழச் சிவந்தான்.

கொஞ்சம் கிழிந்திருந்தது எனக்கு.
ஜுரேமா ஊசியில் நூல் கோத்தாள். "மூன்றே மூன்று தையல்."
"கவட்டைத் தையல் என் வேலை," என்றேன்,
"நீ உருப்படிக்கு எவ்வளவு வாங்குகிறாய்?"
அவள் சிரித்தாள். அழுதுகொண்டே கில்வன் சிரித்தான்.
நானும்.
இரண்டு கையும் தாமாகவே வயிற்றுக்குப் போயின,
பிடித்துக்கொள்ள,
பாதி வழியில்
எதற்கு என்று தெரியாமல் நின்றன.