எட்டு என்று எழுதியிருந்தது

எட்டு ஓம் என்று
பின்பக்கத் தகட்டில் எழுதியிருந்தது.
நாகூர் வீட்டைக் காலிசெய்த செய்யது அபுதாஹிர்
ஜோடிக்குப் பதினோராயிரம் எண்ணி வாங்கிக்கொண்டு
"சும்மா பேசும் பாருங்க" என்றார்.
பேசியது,
தவில் உருண்டு வரும்வரை.
உருண்டதும் என் பழைய ஆம்ப்ளிஃபயரின் வயிற்றுக்குள்
டிக்.
ரிலே விழுந்து வீடு ஊமையானது.
தெருவில் யாரோ சைக்கிளுக்குக் காற்றடிப்பது கேட்டது.

நான் மூணாறு தலைப்பில் லஸ்கர்.
நீடாமங்கலத்தில் வெண்ணாறு மூன்றாகப் பிரியுமிடம்.
காலை ஆறுக்கு அளவுப்பலகையைப் படித்துச் சொல்ல வேண்டும்,
சொன்ன அளவுக்கு ஷட்டரைத் திருக வேண்டும்.
பலகையில் இருப்பதும் ஆற்றில் போவதும்
ஒன்றில்லை என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.
இருந்தும் அந்த எட்டை நம்பினேன்.

திருவாரூரில், மாடிக் கடையில்,
ஆக்னஸ் மீட்டரை வைத்துப் பார்த்தார்.
கீச்சுக்கு எட்டு.
பேச்சுக்கு ஆறு.
தவிலின் தொப்பி இறங்குமிடத்தில்
மூன்று.
"இது மறுக்கவே மாட்டேங்குது சார், அள்ளிக் குடிக்குது.
ஒங்க ஆம்ப்புக்குத்தான் குடுக்கத் தெம்பில்ல.
ஸ்பீக்கரத் திட்டாதீங்க."
மின்மறுப்பு.
பாலிடெக்னிக்கில் எழுதிப் பாஸானேன்
யார் யாரை மறுப்பது என்று கேட்காமலே.
கீழ்மதகை ஒரேயடியாகத் திறந்துவிட்டால்
தலைப்பில் மட்டம் சரியுமே, அதுதான்.
அன்றாடம் பார்க்கிறேன்.

புதியது பதினெட்டுக் கிலோ.
மடியில் வைத்துப் பேருந்தில் கொண்டுவந்தேன்.
கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் கிழித்தார்.
கொரடாச்சேரி தாண்டும்போது தொடை இல்லை.
செண்பகவல்லி விலை கேட்டாள்.
ஆறாயிரம் குறைத்துச் சொன்னேன்.
ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்து
"இந்த வெலைக்கு இவ்வளவு கனம் வராதே" என்றாள்,
அதோடு விட்டாள்.

முதல் ராத்திரி
சிவப்பு விளக்கு மட்டும் சிமிட்டியது.
குறுவைக்கு மும்முனை மின்சாரம் விட்டிருந்தார்கள்,
ஊர் மோட்டார் அத்தனையும் ஒரே மூச்சில் இறங்கியிருந்தது.
நூற்று எழுபது வோல்ட்.
ஸ்டெபிலைசர் இன்னொரு நாலாயிரம்.
இதை மட்டும் முழுசாகச் சொன்னேன்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை
தொப்பி இறங்கியது.
டிக் வருமென்று என் தோள் தானாகத் தூக்கிக்கொண்டது.
வரவில்லை.
ஜன்னல் கம்பி அதிர்ந்தது.
சோற்றுப் பானையின் மூடி ஒரு நூல் நகர்ந்தது.
நாதஸ்வரக்காரர் மூச்சிழுத்தார்.
அந்த மூச்சுக்கும் அடுத்த ஸ்வரத்துக்கும் நடுவே
இடப்பக்கம், கொஞ்சம் பின்னால்,
யாரோ டம்ளரைக் கீழே போட்டார்கள்.

பன்னிரண்டு வருஷமாக என்னிடம் இருக்கிற சி.டி.
டம்ளர் இன்றைக்குத்தான் விழுகிறது.

"காப்பியா தண்ணியா?" என்றாள்.
திரும்பப் போட்டோம்.
"காலி. நெறஞ்சிருந்தா இப்படி உருளாது."
இன்னொரு முறை போட்டோம்.
ராகம் என்னவென்று இருவரும் கவனிக்கவில்லை.

நூறு வாட் வாங்கியவன்
ஒரு வாட்டுக்கு மேல் திருகவில்லை.
குமிழ் எட்டு மணியிலேயே நிற்கிறது.
மற்றதெல்லாம் சும்மா கிடக்கிறதா என்றால்
இல்லை,
தொப்பி விழும் அந்த நொடிக்கு எழுந்து வந்து
கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொள்கிறது.

பதினொன்றரைக்குச் செல்போன்.
செக்‌ஷன் ஆபீஸ்.
கோரையாற்றில் ஐநூறு கனஅடி குறைக்கச் சொன்னார்கள்.
டார்ச்சைத் தேடினேன்.
"நிறுத்திடவா?"
"வேணாம். சூடு இருக்கட்டும்."

சக்கரம் பல் பல்லாக இறங்கியது.
ஒரு வாயில் சத்தம் கம்மியது,
பக்கத்து இரண்டு வாயில் கூடியது.
இருட்டில் கொஞ்ச நேரம்
எது இடம், எது நடு, எது வலம் என்று
கண்ணை மூடிக்கொண்டு நின்றேன், ஆளில்லாத பாலத்தில்.
கொசு பிடுங்கியது.
பலகையில் டார்ச் அடித்து
நோட்டில் எழுதினேன்,
பென்சிலில்.