அரைப்பேர்

கொழும்பிலிருந்து வந்த பட்டியலில்
எண்பத்தாறு சொற்கள்.
ஒவ்வொன்றுக்கும் எதிரே தமிழ் இருந்தது,
சவர்க்காரம் போட்டுக் கழுவிய தமிழ்.
பொகவந்தலாவை கிளினிக் சுவரில் ஒட்ட
"எளிய நடையில் விளக்கம் எழுதவும்" என்று
எனக்கு உத்தரவு.

உதரவிதானம் என்று முதலில் எழுதினேன்.
விதானம் எங்க கட்டியிருக்கு, மாரியம்மன் கோயில்லயா
என்று கேட்டாள்
மருந்துத் துண்டோடு நின்ற ராக்காயி.
விக்கல் எடுக்கையில் துள்ளுமே,
விலாவுக்கு அடியில் ஒரு தகடு, அதுதான் என்றேன்.
அதுக்கெல்லாம் பேரு வச்சிருக்காங்களா
என்று வியந்துவிட்டு இருமினாள்.
தகடு துள்ளியது.

நுரையீரல், கல்லீரல், மண்ணீரலில் கைவைக்கவில்லை.
யாரோ ஒருவன் உள்ளே திறந்து பார்த்து
நுரை என்றான், கல் என்றான், மண் என்றான்.
அவன் கூட்டம் எதற்கும் கொழும்புக்குப் போயிருக்கமாட்டான்.

உறைவெதிர்ப்பி என்றது பட்டியல்.
நான் அட்டையை எழுதினேன்:
மழைக்கு மறுநாள் பத்தாம் நம்பர் மலையில்
அட்டை குடித்து உதிர்ந்த பிறகும்
கெண்டைக்காலில் ரத்தம் நிற்காமல் ஒழுகுமே,
அட்டையின் எச்சில் செய்யும் அதே வேலையை
இந்த மாத்திரையும் செய்கிறது.
பல் பிடுங்கப் போகுமுன் சொல்லிவிடுங்கள்.
"கூடெல்லாவா?" என்று சிரித்து
டொக்டர் விமுக்தி கையெழுத்திட்டார்.

அறுபத்திரண்டாம் சொல்,
இதயச் செயலிழப்பு.

அங்கம்மாவின் துண்டிலும் அது இருந்தது.
ஹட்டனில் போன் கடையில் நிற்கிற மகன்
எழுத்துக்கூட்டாமல் வாசித்துவிட்டான்.
செயலிழந்த இதயத்தோடு
மூன்று நாள் லயத்தில் படுத்திருந்தாள்,
இன்னும் ஏன் சாகவில்லை என்று பார்த்தபடி.
அடுப்பு மூட்டவில்லை.
கம்மலைக் கழற்றி மகளிடம் கொடுத்துவிட்டாள்.
நாலாம் நாளும் சாவு வராததால்
பஸ் ஏறி கிளினிக்குக்கு வந்தாள்.

ஸ்கேன் தாளில்
அறுபது இருக்கவேண்டிய இடத்தில் நாற்பது.

நெஞ்சு வேலையை விடவில்லை, அங்கம்மா.
ஒரு துடிப்புக்கு இவ்வளவு ரத்தம் தள்ளவேண்டும் என்று
அதற்கும் ஒரு அளவு இருக்கிறது.
பதினெட்டுக் கிலோ எடுக்கிற இடத்தில்
பன்னிரண்டு எடுக்கிறது.
மீதி தேங்கித்தான் கால் வீங்குகிறது,
படுத்தால் மூச்சு முட்டுகிறது.

கொஞ்ச நேரம் பேசவில்லை.
கணக்குப் பார்த்திருப்பாள்.

"அப்போ அரைப்பேரு."

ஆமாம். அரைப்பேர்.

"அரைப்பேருக்கு யாரையும் நிப்பாட்டுனதில்லயே, மிஸ்.
கங்காணி வைவான், அதோட சரி.
நான் எத்தன மாசம் வாங்கியிருக்கேன்."

துண்டில் இன்னொரு வரியும் இருந்தது:
லயம் சீரில்லை.
வாய் திறக்குமுன் அவளே சொன்னாள்,
"தெரிஞ்சதுதான். கூரைத் தகரம் பறந்து ரெண்டு வருசம்."
இது துடிப்பின் லயம் என்றேன்.
"அப்ப ரெண்டையும் எழுதிக்குங்க."

உப்பைக் குறை, சாயங்காலம் வீங்கினால் வா,
மாத்திரையை மட்டும் அரைப்பேர் போடாதே என்று
சொல்லி அனுப்பினேன்.
தாளில் அறுபத்திரண்டை அடித்து
மேலே பென்சிலால் அவள் சொல்லை எழுதினேன்.

ஐந்து கிழமை கழித்துப் பதில் வந்தது.
அரைப்பேர்: கலைச்சொல் அன்று. நீக்கவும்.

நீக்கினேன்.
சுவரில் இப்போது செயலிழப்பு ஒட்டியிருக்கிறது.
அதன் கீழே வாங்கில் உட்கார்ந்து
அங்கம்மா பக்கத்து ஆளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்,
பயப்படாதே, அரைப்பேருதான்.

காதில் வேப்பங்குச்சி.
கம்மலைத் திருப்பிக் கேட்க
வெட்கமாக இருக்கிறதாம்.