ஜனவரி இரண்டு

எங்கள் கவுண்டியில் ஆண்டுக்கு ஒரே ஒரு நாள்தான்.
ஜனவரி இரண்டு. அன்று நின்றது நின்றது.
அன்று இல்லாதது
மறுநாளே பளிங்கில் எழும்பினாலும்
அந்த ஆண்டுக்கு இல்லை.
சட்டத்தை நான் எழுதவில்லை.
அதன் அடியில் கையெழுத்து மட்டும் என்னுடையது,
மார்ச் தோறும்
பதினோராயிரத்து நானூற்று ஆறு கடிதங்களில்.

அச்சிட்ட கையெழுத்துதான். ஆனாலும்
மளிகைக் கடையில் என் தள்ளுவண்டிக்கு
யாரும் வழிவிடுவதில்லை.
பல் மருத்துவர் என் வாய்க்குள் கண்ணாடியை விட்டபிறகு
கேட்கிறார், கராஜுக்கு ஏன் அவ்வளவு போட்டீங்க என்று.

எனக்குக் கீழே ஐந்து பேர்.
டெரிலை நாய்கள் மூன்று முறை கடித்திருக்கின்றன,
வாத்து ஒரு முறை.
நாடாவின் முனையைச் சுவரில் மாட்டிவிட்டுத்
தனியாகவே அளக்கப் பழகியவன்.
வேலைக்குச் சேர்ந்த அன்று அவனுக்குச் சொன்னேன்:
சுப்பீரியர் ஏரி தெரிந்தால் தெரிகிறது என்று எழுது.
எப்படித் தெரிகிறது என்று எழுதாதே.

ஏப்ரலில் முறையீட்டு நாள்.
மடக்கு நாற்காலிகள், ஆறிய காபி.
வந்தவர்கள் எல்லாரும் அவரவர் வீட்டைப் பழித்தார்கள்:
கூரை ஒழுகுகிறது, கிணற்றில் துரு நாறுகிறது,
பக்கத்து நிலத்தில் பன்றி.
இதே வீட்டைத்தான் போன மாதம்
வங்கியில் புகழ்ந்திருப்பார்கள்.

கடைசியாக ரெய்னோ கிவெலா.
ஜனவரி மூன்று, விடிகாலை நாலு மணிக்குப்
புகைபோக்கியில் பிடித்த தீ
வீட்டை நிலவறை வரை தின்றது.
சவுனா மட்டும் தப்பியது, எட்டடிக்குப் பன்னிரண்டு.
அதில்தான் தூங்குகிறார்.
என் பட்டியலில், அவர் பெயருள்ள வரியில்,
வீடு இன்னும் நிற்கிறது:
இரண்டு படுக்கையறை, ஒரு லட்சத்து எண்பத்தேழாயிரம் டாலர்.
ஒரு நாள் முந்தி எரிந்திருந்தால் என்று
நான் நினைத்தது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.
அவர் ஜன்னலைப் பார்த்தார்.

சலுகைப் படிவத்தை நீட்டினேன்.
படிக்காமலே மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.
"அது இருக்கட்டும். உங்க ஆளுங்க
போட்டோ எடுப்பாங்க இல்ல?"

எடுப்போம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை,
சாலையிலிருந்து, கோணலாக.
ஃபைலைத் திறந்தேன்.
ஆறு வருடம் முன்பு, ஒரு ஜூன் மாதம்.
சாம்பல் நிறப் பலகைச் சுவர்.
வாசலில் கம்பளம் உதறும் ஒரு பெண்ணின் பாதி,
மீதியைத் தூண் மறைத்தது.
ஓங்கிய கை ஒன்று.
டெரிலை விரட்டியதோ ஈயை விரட்டியதோ.
அடியில் அவன் குறித்திருந்தான்:
உரிமையாளரின் மனைவி. பின்பக்கம் போக விடவில்லை.

"லெம்பி," என்றார். "போய் நாலு வருஷம்."
கொஞ்சம் பொறுத்து,
"படமெல்லாம் ஒரே அலமாரியில இருந்துச்சு."

நகலுக்கு இருபத்தைந்து சென்ட்.
வேண்டாம் என்று நான் வாயெடுக்கும் முன்
காசு மேசையில் இருந்தது.
ரசீது கிழித்துக் கொடுத்தேன்.

போயிருக்கலாம். போகவில்லை.
வரைபடத்தின் மேல் விரலை ஓட்டிக்கொண்டு நின்றார்.
"இது தப்பு. சமையலறை பதினாலு அடி.
பன்னிரண்டுன்னு போட்டிருக்கீங்க."
டெரில் ஊகித்த சுவர் அது.
திருத்தினால் வரி ஏறும் என்றேன்.
இல்லாத வீட்டுக்கு, என்று சேர்த்துச் சொல்லவில்லை.
"ஏறட்டும்," என்றார்.
"நான் போட்ட தரை. எனக்குத் தெரியாதா?"

பன்னிரண்டை அடித்துப் பதினாலு எழுதினேன்.
ஓரத்தில் என் முதலெழுத்துகள், பேனாவால்.
மை காயும்வரை பார்த்துவிட்டுத்தான் தொப்பியை எடுத்தார்.

அடுத்த ஜனவரி இரண்டுக்கு
அந்த வரியில் சவுனா மட்டும் நிற்கும்.
பனி விலகியதும் டெரில் போவான், நாடாவோடு.
இந்த முறை பின்பக்கம் போக
யாரும் தடுக்க மாட்டார்கள்.