கப்பல் கட்டியவர்

என் கணவர் முப்பத்தோரு வருஷம் கப்பல் கட்டினார்.
இரும்பாலும் மரத்தாலும் அல்ல,
கயிற்றால்.
வந்து நிற்கிற கப்பலைக் கரையோடு கட்டுவார்,
போகும்போது அவிழ்த்துவிடுவார்.
மெஸ்ஸினாத் துறைமுகத்தில், மழையிலும்,
தெற்கத்திக் காற்று பாலைவனத்து மணலைக் கொண்டுவந்து
கண்ணில் கொட்டுகிற நாளிலும்.

ஓய்வு பெற்றதும் மகன் டிக்கெட் எடுத்துத் தந்தான்.
ஜெனோவாவில் ஏறி ஜெனோவாவிலேயே இறங்கணும்.
ஏழு இரவு. ஜன்னல் இல்லாத அறை.
கடலை டிவியில் ஒரு சேனலில் காட்டினார்கள்.

மார்செய்யில் எல்லாரும்
குன்றின் மேலிருக்கும் தேவாலயத்தைப் படம் எடுக்க
லெத்தேரியோ கீழே குனிந்து நின்றார்.
"மூன்று பேர் போதாது இந்தக் கயிற்றுக்கு."
பார்சிலோனாவில், "கட்டுத்தறி புதுசு."
லா குலெத்தில் ஒரு பையன்
எறிகயிற்றை ஒற்றைக் கையால் பிடித்தான்.
என் கணவர் கை தட்டினார்,
பதினோரு மாடிக்கு மேலே நின்று.
வலெத்தாவின் தேன் நிறச் சுவர்களை
அவருக்கும் சேர்த்து நானே பார்த்தேன்.

ஆறாம் நாள் விடியலில்
இஞ்சின் சத்தம் மாறிய உடனே எழுந்து உட்கார்ந்தார்.
"நீரோட்டம் மாறிவிட்டது. ஊர்."

கதவிடுக்கில் ஒரு தாள் கிடந்தது.
இன்றைய துறைமுகம்: மெஸ்ஸினா.
பார்க்க வேண்டிய இடங்கள் நான்கு
(இரண்டை நான் பார்த்ததே இல்லை).
பணப்பை பத்திரம் என்று கடைசி வரி.
அதற்கு மட்டும் கோபம் வந்தது.

துறைமுக வாயிலில் பொன் நிறத்தில் கடித மாதா.
அவள் பெயரைத்தான் இவருக்கு வைத்தார்கள்.
கல்யாணத்துக்கு முன்பும் பின்பும்
ஒரு கடிதம் எழுதியதில்லை எனக்கு.

மேல்தளத்திலிருந்து பார்த்தோம்.
கீழே ஸ்டெல்லாரியோ தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.
உச்சியில் உள்ளங்கை அளவு சொட்டை.
"இருபது வருஷம் பக்கத்தில் நின்றவன்,
எனக்குத் தெரியவே தெரியாது."
கூப்பிடுங்கள் என்றேன்.
"கயிறு விறைக்கும்போது மேலே பார்க்கிறவனுக்குக்
கால் மிஞ்சாது."
கொஞ்ச நேரம் கழித்து,
"எத்தனை பேர் எனக்குக் கையசைத்திருப்பார்கள், பிளாச்சிதா?"

நீ போ, எனக்கு இங்கே வேலை இருக்கிறது என்றார்.

மணிக்கூண்டின் அடியில் எங்கள் கப்பல் முழுவதும் நின்றது,
போன்களைத் தூக்கிப் பிடித்தபடி.
நண்பகல். பொன் சிங்கம் கர்ஜித்தது, சேவல் கூவியது.
அடுப்படியில் நின்று தினமும் கேட்ட சத்தம்தான்.
சிங்கத்துக்கு வால் ஆடும் என்பது
அறுபத்து நாலு வயதில்தான் தெரிந்தது.

வீட்டைத் திறந்து செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன்.
மின்கட்டண ரசீது வந்திருந்தது.
கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தேன், கைப்பையை மடியில் வைத்து.
மேல்வீட்டு இம்மக்கொலாத்தா எட்டிப் பார்த்து,
"வந்துவிட்டீர்களா?" என்றாள்.
"இல்லை, ஐந்து மணிக்குக் கிளம்புகிறோம்."
சொன்ன எனக்கும் கேட்ட அவளுக்கும்
அதற்குமேல் பேச ஒன்றும் கிடைக்கவில்லை.

அவருக்காக இரண்டு அரிசி உருண்டை பொட்டலம் கட்டி வாங்கினேன்.
வெளிச் சாப்பாடு கப்பலில் ஏறக் கூடாதாம்.
சோதனைக்காரப் பெண் வாங்கி வைத்துக்கொண்டாள்.
சூடாகவே சாப்பிடு என்று சொல்லிவிட்டு ஏறினேன்.

அவர் நின்ற இடத்திலேயே நின்றிருந்தார்.
மூக்கெல்லாம் வெயிலில் சிவந்து போய்.

ஐந்து மணி.
கடைசிக் கயிறு தறியிலிருந்து கழன்று தண்ணீரில் விழுந்தது.
லெத்தேரியோ இரண்டு கையையும் தூக்கி அசைத்தார்.
ஸ்டெல்லாரியோ நிமிர்ந்தான்,
கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்த்தான்,
யாருக்கோ என்று நினைத்துத் திரும்பினான்.

பின்னால் கிடங்கின் சுவர்தான் இருந்தது.