கம்பம் தூக்கியவள்

ஆறு புத்தகங்களாக அவள் சாகவில்லை.
பதிப்பாளர் போனில் கேட்கிறார்:
ஏழாவதிலாவது உலைமுகத்தியை முடித்துவிடலாமா?
வாசகர்கள் அழுதால் விற்கும்.

கடையநல்லூர்ப் பெண்ணொருத்தி எழுதியிருந்தாள்,
கிழித்த கணக்கு நோட்டுத் தாளில்:
அவளைக் கொன்றால் உங்கள் வீட்டுக்கே வந்து
சண்டை போடுவேன், அக்கா.

முதல் புத்தகத்தில் அவள் உயரம் பன்னிரண்டு அடி.
முகம் கொல்லனின் உலை. இமைத்தால் பொறி.
பெறாத பிள்ளைகள் ஏழு பேரைத்
தன் விலாவுக்குள் உறங்கவைத்து
எலும்பை இழுத்துச் சாத்திக்கொள்வாள்.
இரண்டாவதில், அவர்களை ருசி பார்க்க வந்த
பாம்பரசனின் நாக்கைப் பிளந்தாள்.
நான்காவதில், உறங்கும் பிள்ளைகளை
எண்ணிப் பார்த்த குற்றத்துக்காக
நிலாவைக் கடித்தாள்.
தேய்பிறை அன்றைக்குத் தொடங்கியது.

எங்கிருந்து வந்தாள் இவள் என்று
தென்காசிப் புத்தகக் கண்காட்சியில்
மைக்கை நீட்டிக் கேட்டார்கள்.
கற்பனைதான் என்றேன்.
தண்ணீர் குடித்தேன்.

பொய்.

புளியரை. எஸ் வளைவுக்குக் கீழே சோதனைச்சாவடி.
எனக்கு இரவு வேலை.
வருகிற வண்டியின் டயருக்கு மருந்தடிக்க வேண்டும்,
போகிற வண்டிக்குச் சீட்டுப் பார்த்துக் கம்பம் தூக்க வேண்டும்.
மலைக்கு அந்தப் பக்கம் பெய்யும் மழை
வாசனையாக மட்டும் எங்களிடம் வரும்.

வைக்கோல் லாரி ஒன்று.
டிரைவருக்குப் பின்னால் பலகையில்
நாலு பையன்கள், ஒருவன்மேல் ஒருவன், தூக்கத்தில்.
கொல்லத்துல முறுக்குக் கம்பெனி, மேடம்.
எல்லாருக்கும் பதினெட்டு. கடுதாசி இருக்கு.
கடுதாசி இருந்தது.

அப்போதுதான் வந்தாள்.
செங்கோட்டையிலிருந்து ஓடியே வந்திருக்க வேண்டும்.
ஒரு காலில் செருப்பில்லை.
கையில் சோற்றுக் கரண்டி,
பருக்கை காய்ந்து ஒட்டிய கரண்டி.
ஐந்தடி இருப்பாள். அதுவும் இருக்கமாட்டாள்.
பம்பருக்கு முன்னால் போய் நின்றாள்.

ஏலே கொம்பையா, எந்திரில!
வாங்குன துட்ட நான் கட்டுதேன்,
ஒங்கப்பன் குடிச்சதையும் சேத்துக் கட்டுதேன்,
எறங்குல!

கரண்டியால் முகப்பு விளக்கை அடித்தாள்.
ஒன்று உடைந்தது.
பின்னால் பதினோரு வண்டிகளின் ஹாரன்:
சிமெண்ட், முட்டை, யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ போகும் வேன்.
கொம்பையா கண் திறந்தான்.
அம்மாவைப் பார்த்தான்.
மற்ற பையன்களைப் பார்த்தான்.
கூச்சப்பட்டு
மறுபடி தூங்குகிறவன்போலப் படுத்துக்கொண்டான்.

இன்ஸ்பெக்டர் அவளை ஓரமாக இழுத்தார்.
என்னைப் பார்த்துக் கையசைத்தார்.
கம்பத்தின் மறுமுனையில் கல் கட்டியிருக்கும்,
ஒரு கை போதும்.
கனமே தெரியாது.

தூக்கினேன்.

ஒற்றை விளக்கோடு லாரி கோட்டைவாசல் ஏறியது.
ஒவ்வொரு வளைவிலும் அந்த வெளிச்சம்
காணாமல் போய்த் திரும்ப வந்தது,
பிறகு வரவில்லை.
பிடித்திருந்த இன்ஸ்பெக்டரை அவள் பார்க்கவில்லை.
என்னைத்தான் பார்த்தாள்.

பேர் கேட்கவில்லை நான்.
வண்டி எண்ணைப் பேரேட்டில் எழுதினேன்,
அழகான கையெழுத்தில்.
அதே பேரேட்டின் கடைசித் தாளில்தான்
உலைமுகத்தியின் முதல் வரி.

ஆறு புத்தகங்களில்
எத்தனை கோட்டை, எத்தனை கதவு.
ஒன்றிலும் காவலுக்கு ஆள் வைத்ததில்லை.
நிலாவைக் கடிக்கிறவளுக்கு
வாயிற்காவல் எம்மாத்திரம் என்று
வாசகர்கள் நினைத்திருப்பார்கள்.

நேற்றுத்தான் வைத்தேன்.
ஏழாம் புத்தகம், மூன்றாம் அத்தியாயம்.
மலைவாசலில் ஒரு காவல்காரி,
கையில் கயிறு.
உலைமுகத்தி எதிரே வந்து நிற்கிறாள்.
பன்னிரண்டு அடி இல்லை இப்போது.
முகத்தில் நெருப்பையும் காணோம்.
கரண்டி ஓங்கியிருக்கிறது.
மூன்று மணி நேரமாக ஓங்கியே இருக்கிறது.

பதிப்பாளர் மறுபடி கூப்பிடுகிறார்.
முடித்துவிடுகிறேன் சார், என்கிறேன்.
யாரை என்று
அவர் கேட்கவில்லை.