சூளைக் கணக்கு, லோமிச்சே

செப்டம்பரில் ஒரு செவ்வாய்
நான்கு சிப்பாய்களும் ஒரு வாளிச் சுண்ணாம்பும் வந்தார்கள்.
கோடு ஆப்பிள் தோப்பில் இறங்கி
குஸ்தினின் மாட்டுக்கொட்டிலை இரண்டாக்கி
(மடி இத்தாலியில், தீவனத் தொட்டி யூகோஸ்லாவியாவில்)
எங்கள் செங்கல் சூளைக்கு வந்தது.
களிமண் குழி அந்தப் பக்கம்.
நெருப்பு இந்தப் பக்கம்.

நான் கணக்கெழுதுபவன்.
வரவு: ஒன்றுமில்லை.
செலவு: விறகு, எப்போதும்போல.

முதலாளி போகோமில் ரோமுக்கு மூன்று கடிதம் போட்டார்.
பதிலாக ஒரு காலண்டர் வந்தது.
மண்ணுக்கு வரி உண்டா என்று
சுங்கத்துக்கே தெரியவில்லை.

அந்தக் குளிரில் ஸ்த்ராவ்கா
உரவண்டி ஓட்டிக்கொண்டு வந்தாள்.
காவலன் மோந்து பார்த்தான்; மேலே மெய்யாகவே சாணம்.
அடியில் ஓடைக்கரையின் நீலக் களி,
ஒரு நடைக்கு நாற்பது கல்.
நானும் உரம் என்றே பதிந்தேன்.
சித்திரை வெயில் வருவதற்குள்
உரத்திலிருந்து நாலாயிரத்து இருநூறு செங்கல் சுட்டோம்.

பச்சைக்கல் காயும்போது குஸ்தினின் நாய்
வரிசைமேல் ஓடிற்று. விரட்ட ஆளில்லை.
அதையும் சுட்டோம், விற்றோம்,
அவர்கள் காவல் கூண்டுக்கும் இவர்கள் காவல் கூண்டுக்கும்.
ஒருவர் பணம் தந்தார்,
ஒருவர் பன்றிக்கொழுப்பு.
ரசீது இரண்டும் என்னிடம் இருக்கின்றன.

இப்போது கூண்டுகள் காலி.
குழியில் தண்ணீர், பையன்கள் தூண்டில் போடுகிறார்கள்.
கிழக்குக் கூண்டின் சுவரில், இடுப்பு உயரத்தில்,
ஒரு நாய்க்கால் தடம்
மேற்குப் பார்த்தபடி.
அடுத்த தடத்தைத் தேடி
நேற்று சாலையைக் கடந்தேன்.
மேற்குக் கூண்டைப் பூசிவிட்டிருந்தார்கள்.
பேனாக்கத்தியால் ஓரம் சுரண்டிப் பார்த்தேன்.
கல் எங்களுடையதுதான்.